மூன்றாம் தொட்டியின் ஒன்பது ரசிகர்கள்

மைக்கின் தலையில் மஞ்சள் நிறப் பஞ்சு உறை. அது என் வாய்க்கு நேராக வந்தபோது, எனக்கு முன்னால் பேசியவர் மென்றிருந்த பாக்கின் வாசனை அதில் அடித்தது.

"அண்ணா, படம் எப்படி? என்னைப் பார்க்காதீங்க. கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க."

ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு தியேட்டர் வாசல். வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து வெளியே வந்திருந்தோம். மொத்தம் நாற்பது பேர் இருக்கும். அதில் பாதிக்கு மேல் எங்கள் கம்பெனி ஆட்கள். யூனிஃபார்ம் தெரியாமல் மேலே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள். இரண்டரை மணிக்கு எல்லோருக்கும் செகண்ட் ஷிஃப்ட்.

எனக்குப் பின்னால், போஸ்டர் ஒட்டிய தூணோரம் அன்வர் பாய் நின்றிருந்தார். படத்தை எடுத்தவர் அவர்தான். எங்கள் கம்பெனியில் பதினான்கு வருஷமாக மெஷின் ஆபரேட்டர், பர்மனென்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வீடியோ. என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

முந்தின நாளே எனக்குப் பாடம் எடுத்திருந்தார். "மூணே விஷயம் மாப்ள. பயமா இருந்துச்சு. லவ்வு நல்லாருந்துச்சு. குடும்பத்தோட பாருங்க. நாலாவதா ஒண்ணும் பேசிடாத, உனக்குப் புண்ணியமா போவுது."

ஒரே தியேட்டர், தினம் ஒரே காட்சி, ஞாயிறு வரை. அதற்குள் கூட்டம் கூடினால் திங்கள் முதல் சாயங்காலக் காட்சியும் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கூட்டம் கூடுவதோ, வாசலில் நாலு பேர் மைக்கில் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் பயங்கள் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போன பிறகு, கேஸை மூடினேனா என்று திரும்பி ஓடுகிறவன் நான். அன்று என் மனதில் இருந்தது மைக் இல்லை. காலையில் டிக்கெட் கவுன்டரில் பார்த்த ஒரு அம்மா. இரண்டு பிள்ளைகளோடு வந்தவர், போஸ்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேய்ப் படமா? வேணாம்டி, நைட்டெல்லாம் கத்துவீங்க" என்று திரும்பிப் போய்விட்டார். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. பயந்துகொண்டு யாரும் வராமல் போய்விட்டால்?

அதனால் மைக்கைப் பார்த்துச் சொன்னேன்.

"என்ன மாதிரி பயந்தாங்கொள்ளியே பயப்படலைங்க. பயப்படற மாதிரி ஒரு இடம்கூடக் கிடையாது. ஒண்ணுமே இல்ல. பிள்ளைகளோட தைரியமா வாங்க."

மைக் பிடித்தவன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அன்வர் பாயின் கட்டை விரல் இன்னும் இறங்கவில்லை. முகம் மட்டும் இறங்கியிருந்தது.

பகலில் வரும் பேய்

படத்தின் பெயர் 'மூன்றாம் தொட்டி'. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலை. சீசனில் அங்கே பழம் நறுக்கி வந்த ஒரு பெண் மூன்றாம் கூழ்த் தொட்டியில் விழுந்து இறந்துபோகிறாள். சீசன் முடிந்து பூட்டிக் கிடக்கும் ஆலைக்கு மெஷின் ரிப்பேர் பார்க்க ஒருவன் வருகிறான். அவளைப் பார்க்கிறான், பயப்படுகிறான், பிறகு காதலிக்கிறான். அவளால் அந்த ஆலையை விட்டு வெளியே வர முடியாது. அதனால் அவன் வெளியே போவதை விட்டுவிடுகிறான். அவ்வளவுதான் கதை.

எங்களுக்கு ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும்தான் காலை நேரம் கைக்குக் கிடைக்கும். ஆக, மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் ஷூட்டிங். விடிந்ததும் பைக்கில் கிளம்பிப் போய், பதினொன்றரைக்குள் முடித்துவிட்டு, அடித்துப் பிடித்துக் கம்பெனிக்கு வரவேண்டும். எங்கள் படத்தில் பேய் எப்போதும் வெயிலில் வருவதற்குக் காரணம் இதுதான். பேய்க்கும் இரண்டரைக்கு டியூட்டி இருந்தது.

ஒருநாள் நான் கேட்டேன். "பாய், பேயி பகல்ல வந்தா ஜனங்க ஒத்துக்குவாங்களா?"

"அவ எப்ப செத்தா? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல. அப்ப ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்லதான் வருவா. பேயின்னா டைம் டேபிள் இருக்காதா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிச்சயத்தைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன். எதையுமே நம்பாத நான்.

ஆலைக்குள் சீசன் முடிந்து மாதக்கணக்கான பிறகும் வாசனை இருந்தது. பழுத்து, புளித்து, காய்ந்து, சுவரிலேயே தங்கிவிட்ட மாம்பழ வாசனை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் என் மனைவி மஞ்சுளா முகர்ந்து பார்ப்பாள். "ஏங்க, எந்தத் தோப்புல போயி படுத்துட்டு வர்றீங்க?"

சட்னி டப்பாவில் கிரீஸ்

படத்தில் ஒரு இடம் உண்டு. அதை மட்டும் எழுதிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அவளுக்குத் தாகம். குழாயைத் திறந்து கை நீட்டுகிறாள். தண்ணீர் கையில் விழுகிறது, ஆனால் கை நனையவில்லை. உருண்டு உருண்டு ஓடிவிடுகிறது. அவன் தன் கையை அவள் கைக்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறான். அவன் கை நனைகிறது. அவள் அந்த நனைந்த கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வசனம் கிடையாது.

பேயாக நடித்தது ரூபா. பாகலூர்ப் பெண், வீட்டில் கன்னடம், எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. கை நனையாமல் இருக்க என்ன செய்வது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது நான்தான், "கிரீஸ் தடவிப் பார்க்கலாமா?" என்றேன். ப்ரெஸ் மெஷினுக்குப் போடுகிற கிரீஸ். அதைக் கம்பெனியிலிருந்து சட்னி டப்பாவில் வைத்து வெளியே கொண்டுவந்ததும் நான்தான். கேட்டில் செக்யூரிட்டி டிபன் பையைத் தொட்டுப் பார்த்தபோது, அவர் கேட்காமலே "சட்னிதான் சார்" என்றேன்.

ரூபா மணிக்கட்டு வரை பூசிக்கொண்டு, "ஐயோ, நாத்தம் அண்ணா! நிஜமான பேயிகூட ஓடிப்போயிடும்" என்று சிரித்தாள்.

சுவருக்குப் பின்னால் ஹோஸ் பைப்பைப் பிடித்திருந்தவன் நான். தண்ணீர் வேகமாக வந்தால் கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடும், மெதுவாக வந்தால் உருளாது. என் வாழ்க்கையில் கை நடுங்காமல் செய்த ஒரு வேலை அது.  எடுத்து முடித்ததும் ரூபா கண்ணைத் துடைக்கப் போய், கையில் கிரீஸ் இருப்பது ஞாபகம் வந்து, அப்படியே நின்றாள்.

சொன்னவர்கள்

வெள்ளி சாயங்காலத்துக்குள் நான் ஊருக்கே தெரிந்த முகமாகிவிட்டேன். 'பேய்ப் படத்துக்குத் தைரியம் சொன்ன அண்ணன்' என்று தலைப்புப் போட்டு, நான் சொன்ன "ஒண்ணுமே இல்ல" என்பதை மூன்று தடவை திருப்பிப் போட்டு, சிரிப்புச் சத்தம் சேர்த்து, மைக் பிடித்தவனின் சேனலில் விட்டிருந்தார்கள். எங்கள் லைன் ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் வந்தது. மஞ்சுளாவின் அக்கா வீட்டு குரூப்பில் வந்தது. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட, "தைரியமா சாப்பிடுங்க அண்ணா, பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல" என்றார்.

மற்றவர்கள் சொன்னதும் வந்தது. 'பேய்க்கு ஜெனரல் ஷிஃப்ட்டா?' 'ஹீரோ மீசை சீனுக்கு சீன் வளருது, குறையுது, அதுதான் திகில்.' 'பேயை விட்டுட்டு ஆலை வாட்ச்மேனைக் காதலிச்சிருக்கலாம்.' இதற்கெல்லாம் அன்வர் பாய் சிரித்தார். மீசை விஷயம் உண்மைதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் மீசை என்ன செய்யும்?

ஒருவன் மட்டும் எழுதியிருந்தான். 'பேய்க்கு மேக்கப்பே தேவையில்ல, அந்தப் பொண்ணு மூஞ்சியே போதும்.' அதை ரூபாவே கேன்டீனில் சத்தமாகப் படித்துக் காட்டினாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நான் போன் செய்தபோது, "பேடா அண்ணா, அதைப் பத்திப் பேச வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு காட்சிக்கு ஏழு பேர். திங்கட்கிழமை வேறு படம் போட்டார்கள்.

தியேட்டர் தூணிலிருந்த போஸ்டரை அன்வர் பாய் தண்ணீர் தொட்டுத் தொட்டு, கிழியாமல் உரித்து எடுத்தார். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"பாய், என்னாலதான்."

"விடு மாப்ள. நீ நல்லதுதான் சொல்ல நெனச்ச."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு மன்னிப்பு ஒத்துக்கொள்ளாது.

குருபரப்பள்ளி கோபி

படத்தை அன்வர் பாய் நெட்டில் இலவசமாகப் போட்டார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கீழே கருத்து எழுதலாம். ஒரு மாதத்துக்கு அங்கே வந்ததெல்லாம் கேலிதான். பாதிப் பேர் என்னைத் தேடித்தான் வந்தார்கள். 'தைரிய அண்ணன் இந்தப் படத்துல இருக்காரா?'

ஷிஃப்ட்டுக்கு நடுவில் டீ டைம் பத்து நிமிஷம். அப்போதுதான் லாக்கரிலிருந்து போனை எடுக்க முடியும். ஒருநாள் டீயை வைத்துவிட்டு, புதிதாக ஒரு பெயரில் கணக்குத் திறந்தேன். குருபரப்பள்ளி கோபி, ஹைவேயில் டீக்கடை. 'தண்ணி குழாய் சீன் சூப்பர் சார். மனசு என்னமோ பண்ணிடுச்சு' என்று எழுதினேன்.

சாயங்காலம் அதன் கீழே அன்வர் பாயின் பதில் இருந்தது. 'நன்றி சகோ.' கூடவே கைகூப்பிய படம் மூன்று.

மறுநாள் பார்க்கிங்கில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, ஒருத்தனுக்குப் புரிஞ்சிருக்குடா! டீக்கடைக்காரன்! குருபரப்பள்ளி!" அவர் முகத்தை அப்படி நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஒன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்து சூளகிரி சங்கர் வந்தார். பாகலூரில் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்யும் நாகராஜ் வந்தார். அப்புறம் கிருஷ்ணகிரி மாலா. கூழ் ஆலையில் சீசனுக்கு வேலை பார்க்கிற பெண் அவள். 'நான் வேலை செய்யும் இடத்தை இவ்வளவு அழகாக யாரும் காட்டியதில்லை அண்ணா. அழுதுவிட்டேன்' என்று எழுதினாள். எழுதிவிட்டு நானே அதை இரண்டு தடவை படித்தேன்.

ஒன்பது பேர் ஆனார்கள். ஒன்பது பேருக்கும் குழாய் சீன்தான் பிடித்தது. எனக்கு வேறு எதைப் பாராட்டுவது என்று தெரியவில்லை. அது ஒன்றுதான் நான் பொய் சொல்லாமல் பாராட்ட முடிந்த இடம்.

எட்டாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். வாத்தியார் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, சாதாரணமாகத்தான் கூப்பிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. யாரும் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டவில்லை. ஒரு கையெழுத்து விரட்டியது. அப்படிப்பட்டவன் ஒன்பது பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன்.

டீ டைம்

ஒருநாள் ஷிஃப்ட்டுக்கு முன்னால், கம்பெனி எதிரில் டீக்கடையில் நிற்கும்போது பாய் சொன்னார். "ஒண்ணு கவனிச்சியா மாப்ள? நம்ம ரசிகருங்க எல்லாம் கம்பெனி ஆளுங்கடா."

நான் டீயை ஊதினேன். "எப்படிச் சொல்றீங்க?"

"எல்லாம் டீ டைம்லதான் எழுதறாங்க. ஒரு வாரம் காலைல ஒம்போது மணி. ஒரு வாரம் சாயங்காலம் அஞ்சு. ஒரு வாரம் நடுராத்திரி. ஷிஃப்ட் மாறுறதுகூடத் தெரியுது. டீக்கடை, தோட்டம்னு சும்மா போட்டிருக்கானுங்க. எல்லாம் நம்ம ஜாதி. மெஷின்கிட்ட நிக்கறவன்." டீயை ஒரு வாய் குடித்தார். "நம்ம படத்த நம்மாளுங்கதான்டா புரிஞ்சுக்குவாங்க. பெங்களூர் போற பஸ்ஸுல உக்காந்து பாக்கறவனுக்கு என்ன தெரியும்?"

அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தவர், ஒன்பது பேரும் ஒரே வாரத்தில் ஒரே ஷிஃப்ட்டுக்கு மாறுகிறார்களே என்று மட்டும் யோசிக்கவில்லை.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை நான் குடிக்கவில்லை. இரண்டாவது படம் எடுக்கப் போகிறார். இந்த முறை மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் என்று இல்லை. வேலையை விட்டுவிட்டு, முழு நேரமாக.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். ஓசூரில் பர்மனென்ட் என்றால் வெறும் வேலை இல்லை. பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் சொல்கிற வார்த்தை அது. நான் பன்னிரண்டு வருஷமாக கான்ட்ராக்ட். வருஷா வருஷம் ஐடி கார்டில் கம்பெனி பெயர் அதேதான், கான்ட்ராக்டர் பெயர்தான் மாறும். எனக்குக் கனவில்கூடக் கிடைக்காத ஒன்றை, என் ஒன்பது பெயர்களை நம்பி அவர் விடப் போகிறார்.

"பாய், அவசரப்படாதீங்க."

"நீ எதுக்குத்தான் மாப்ள பயப்படல? திங்கக்கிழம லெட்டர் குடுக்கறேன். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழம, அந்த ஒம்போது பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். ஷகிலா பிரியாணி போடறேன்னிருக்கா."

அன்று சாயங்காலம் டீ டைமில் போனைத் திறந்தால், ஒன்பது பேருக்கும் அவரவர் கருத்துக்குக் கீழே அழைப்பு வந்திருந்தது.

முடியாது என்று எழுதப் போனேன். கோபிக்குக் கடையை விட்டு வர முடியாது என்று எழுதினேன். உடனே பதில். 'ஒரு நாள் கடையை மூடுங்க சகோ. உங்களுக்காகத்தான்.' அதற்குமேல் இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. யாருக்குமே நான் இல்லை என்று சொன்னதில்லை. 'பார்க்கிறேன்.' 'முயற்சி பண்றேன்.' மாலா மட்டும், 'கண்டிப்பா வர்றேன் அண்ணா' என்று எழுதிவிட்டாள். ஏன் அப்படி எழுதினேன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

ஒன்பது நாற்காலிகள்

திங்கட்கிழமை லெட்டர். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடு ஞாயிறு பத்து மணிக்கே போய்விட்டேன்.

அவர் வீடு மாடிப் போர்ஷன். ஹாலில் இருந்த கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார். சிவப்பு நாலு, நீலம் மூன்று, வெள்ளை இரண்டு. தியேட்டரில் உரித்தெடுத்த போஸ்டர் சுவரில் இருந்தது. அடுக்களையிலிருந்து பட்டை, கிராம்பு வாசனை.

பாயின் மனைவி ஷகிலா அக்கா எட்டிப் பார்த்தார். "வாங்க தம்பி. உங்க பாய் நைட்டு பூரா தூங்கல. பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக்கூட இப்படிச் சேர் தொடச்சதில்ல."

"பாய், லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு..."

"நேத்தே குடுத்துட்டேன் மாப்ள." நாற்காலி ஒன்றை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்தார். "திங்கக்கிழம வரைக்கும் வெச்சிருந்தா நீயே என்னைப் பயமுறுத்திடுவ. அதான் நேத்தே. எச்ஆர்ல கை குலுக்கினாங்க."

நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பதினொன்று ஆயிற்று. மாடிப்படியில் சத்தம் கேட்டால் எழுந்து போவார். மேல் வீட்டுக்காரராக இருக்கும். பன்னிரண்டு ஆயிற்று. "குருபரப்பள்ளிலருந்து பஸ்ஸு ஒழுங்கா நிக்காது" என்றார். ஒரு மணிக்கு, "பொம்பளப் பிள்ள தனியா வரணும். மாலா லேட்டாத்தான் ஆகும்" என்றார். பிரியாணி தம் உடைக்கவா என்று அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"போன் நம்பர் வாங்காம விட்டேன் பாரு. இரு, கமென்ட்லயே கேக்கறேன்" என்று பாய் போனை எடுத்தார்.

என் போன் சட்டைப் பையில் இருந்தது. ரிங்கை நிறுத்தியிருந்தேன். முழுவதுமாக அணைத்து வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டில் மஞ்சுளாவும் பிள்ளையும் தனியாக இருக்கிறார்கள், ஏதாவது அவசரம் என்றால்? கேஸ், கரன்ட், எதுவாக இருந்தாலும்? அந்தப் பயத்தில் அதிர்வை மட்டும் விட்டு வைத்திருந்தேன்.

"கோபிக்கு. 'எங்க இருக்கீங்க சகோ.' போட்டாச்சு."

என் பையில் கிர்ர் என்றது.

அவர் கவனிக்கவில்லை. "சங்கருக்கு."

கிர்ர்.

"யாருடா, மஞ்சுளாவா? எடுத்துப் பேசு." தலையைக் குனிந்தபடியே அடித்தார். "நாகராஜு."

கிர்ர்.

விரல் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு பெயர் சொல்லாமல் அடுத்ததை அடித்தார். என் பை அதிர்ந்தது. அடுத்தது. அதிர்ந்தது. ஒவ்வொன்றும் வந்து சேரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார், மெஷினில் வந்த பார்ட்டை ஒவ்வொன்றாக கேஜில் வைத்து அளவு சரி பார்க்கிற மாதிரி. நான் பையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். பொத்தினால் இன்னும் சத்தமாகக் கேட்டது.

எட்டு முடிந்தது. ஒன்பதாவதுக்கு முன்னால் நெடுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அழுத்த அவருக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது. அழுத்தினார்.

கிர்ர்.

"மாலாவுமாடா?"

"ஆமா பாய்."

 அடுக்களையிலிருந்து அக்கா வந்தார். "என்னங்க, ஒருத்தரும் வரலையா?"

"வந்துட்டாங்க" என்றார் அன்வர் பாய். "எல்லாரும் வந்துட்டாங்க. சோறு போடு."

எனக்கு எதிரில் தட்டு வந்தது. அக்கா ஒன்றும் புரியாமல் இரண்டு கரண்டி அதிகம் வைத்தார். நான் சாப்பிட்டேன். சாப்பிட முடியாது என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. அவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்ததோடு சேர்த்து ஒன்பது. எட்டை அடுக்கிவிட்டு, நான் எழுந்திருப்பதற்காகப் பக்கத்தில் நின்றார்.

அது நான் இல்லை

லெட்டரைத் திரும்ப வாங்க முடியவில்லை. அவர் கேட்டாரா என்றே எனக்குத் தெரியாது. இப்போது பாகலூர் ரோட்டில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். இங்கே ஓட்டின அதே மாதிரி மெஷின்தான். கான்ட்ராக்ட். கழுத்தில் என்னுடையதைப் போலவே ஐடி கார்டு. முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோ எடுக்கிறார். வழியில் பார்த்தால் பேசுவார். "நல்லாருக்கியா மாப்ள, வீட்ல சௌக்கியமா?" குறை சொல்ல முடியாத பேச்சு. படத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார். ரூபா கல்யாணமாகி மாலூர்ப் பக்கம் போய்விட்டாள். இதை எழுதட்டுமா என்று அவர்கள் இருவரிடமும் கேட்டேன். ரூபா சரி என்றாள். பாய், "உன் இஷ்டம்" என்றார்.

படம் இன்னும் நெட்டில் இருக்கிறது. ஒன்பது பெயர்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் 'நன்றி சகோ' இருக்கிறது. நானும் அழிக்கவில்லை, அவரும் அழிக்கவில்லை.

போன மாதம் பத்தாவதாக ஒன்று வந்தது. பெயர் என்று இல்லை, எழுத்தும் எண்ணுமாக ஏதோ இருந்தது. 'என் வீட்டுக்காரர் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. குழாயடியில் நிற்கும்போதெல்லாம் இந்தப் படத்தில் வரும் கை ஞாபகம் வருகிறது. யார் எடுத்தீர்களோ, நன்றாக இருங்கள்.'

காலை பதினொன்றே முக்காலுக்கு எழுதியிருந்தது. எந்த ஷிஃப்ட்டுக்கும் அது டீ டைம் இல்லை.

கீழே பாயின் பதிலுக்காகக் காத்திருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். 'நன்றி சகோ' வரவில்லை. எனக்குப் புரிந்தது. பத்தாவது பெயரும் என்னுடையது என்று அவர் நினைத்துவிட்டார். எப்படி நினைக்காமல் இருப்பார்? அதுவும் குழாய் சீன்.

தாங்க முடியாமல் அவருக்குச் செய்தி அனுப்பினேன். 'பாய், அது நான் இல்ல. என் பிள்ளை மேல சத்தியமா நான் இல்ல.'

சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவருடைய டீ டைமில், பதில் வந்தது.

'சரி மாப்ள.'

அவ்வளவுதான். அந்த அம்மா எழுதியதன் கீழே இன்னும் எதுவும் இல்லை. யாராவது அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் சொல்லலாம்தான். போனை எடுக்கிறேன், வைக்கிறேன். எந்தப் பெயரில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.